மைசூரு தசராவுக்குப் போவோம்

1. ஆத்தாவின் ஆசை

ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. குழுவில் 12 பெண்கள். சிலர் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறார்கள். சிலர் கறவை மாடு வைத்திருக்கிறார்கள்.

குழுவில் மூத்தவர் பழனியம்மா. வயது 72. ஊரில் எல்லோரும் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மருமகள் செல்வியும் அதே குழுவில் இருக்கிறாள். செல்வி இரண்டு வருடத்துக்கு முன்புதான் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தாள். இப்போது பேருந்துப் பலகை படிக்கிறாள். ஊர் நூலகத்தில் செய்தித்தாள் படிக்கிறாள். கணக்கும் எழுதுகிறாள்.

ஒரு நாள் குழுக் கூட்டம் நடந்தது. தலைவி சரோஜா கேட்டார்.

"இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து ஒரு ஊருக்குப் போலாமா? எங்கே போலாம்?"

ஆத்தா சட்டென்று சொன்னார். "மைசூர் தசராவுக்குப் போலாம் கண்ணு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்தா வழக்கமாகக் கூட்டத்தில் பேசமாட்டார்.

"எனக்கு அப்ப எட்டு வயசு. எங்கப்பா தோள் மேல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. யானை மேல அம்பாரி. அம்பாரிக்குள்ள மகாராஜா. யானை நடந்தா தெருவே அசையுற மாதிரி இருக்கும். 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னொரு தரம் பார்க்கோணும்."

எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொருவரும் வாரம் 75 ரூபாய் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். ஆத்தாவும் தவறாமல் கட்டினார்.

2. எந்த நாள் போவது?

நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருந்தது. மறுபடியும் கூட்டம் போட்டார்கள்.

"கடைசி நாள் விஜயதசமிதான் முக்கியம். அன்னைக்குத்தான் தங்க அம்பாரி வரும். அன்னைக்கே போயிரலாம்" என்றாள் ருக்மணி.

"அன்னைக்குக் கூட்டம் தாங்காதே" என்றார் சரோஜா.

"கூட்டமா இருந்தா என்ன? நாம நின்னு பார்த்துக்கலாம். ஆனா..." ருக்மணி ஆத்தாவைப் பார்த்தாள். "ஆத்தாவால நிக்க முடியாது. கூட்டத்துல தொலைஞ்சு போனா யார் பதில் சொல்றது? ஆத்தா கட்டின பணத்தைத் திருப்பிக் குடுத்துரலாம்."

யாரும் பேசவில்லை. ஆத்தாவும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

செல்விக்கு மனசு தாங்கவில்லை. ருக்மணி சொன்னது முழுக்கத் தவறும் இல்லை. விஜயதசமி அன்று மைசூருவில் லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். நுழைவுச் சீட்டோ பாஸோ இருந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். மற்றவர்கள் சாலை ஓரத்தில் நிற்க வேண்டும். ஊர்வலம் பிற்பகலில்தான் புறப்படும். ஆனால் காலையிலேயே போய் இடம் பிடிக்கிறார்கள். வெயிலில் பல மணி நேரம் காத்திருக்கிறார்கள். 72 வயது ஆத்தாவால் அது முடியுமா?

முடியாது. அதற்காக ஆத்தாவை விட்டுவிட்டுப் போவதா? ஆசையைச் சொன்னவரே அவர்தானே!

செல்வி மறுநாள் நூலகத்துக்குப் போனாள். மைசூரு தசராவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள்.

3. தெரிந்துகொள்வோம்: மைசூரு தசரா

மைசூர் என்று நாம் சொல்லும் ஊருக்கு 2014-ஆம் ஆண்டு முதல் மைசூரு என்பதே அதிகாரப் பெயர்.

முன்பு ஹம்பியில் விஜயநகர அரசர்கள் நவராத்திரியைப் பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். அந்த அரசு வீழ்ந்தது. பிறகு உடையார் அரசர்கள் அந்த விழாவைத் தொடர்ந்தார்கள். 1610-ஆம் ஆண்டு ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினார். 1799-இல் திப்பு சுல்தான் போரில் இறந்தார். அதன் பிறகு மைசூரு தலைநகரம் ஆனது. தசராவும் மைசூருக்கு வந்தது.

தசரா 10 நாள் விழா. சாமுண்டி மலையில் சாமுண்டீஸ்வரி அம்மன் கோயில் இருக்கிறது. அம்மனுக்குப் பூத்தூவி விழாவைத் தொடங்குவார்கள். ஒன்பது இரவுகள் இசை, நாட்டியம், மல்யுத்தம், மலர்க் கண்காட்சி எல்லாம் நடக்கும். பத்தாம் நாள் விஜயதசமி. அன்று யானை ஊர்வலம். அதற்கு ஜம்பூ சவாரி என்று பெயர்.

ஊர்வலம் அரண்மனையில் புறப்படும். சயாஜி ராவ் சாலை வழியாகப் பன்னிமண்டபம் வரை போகும். தூரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கன்னடத்தில் பன்னி மரம் என்றால் நம் வன்னி மரம். பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்ததாகக் கதை உண்டு. அதனால் விஜயதசமி அன்று வன்னி மரத்தை வணங்குகிறார்கள். அன்று இரவு பன்னிமண்டபத்தில் தீப்பந்த அணிவகுப்பு நடக்கும்.

ஆத்தா சின்ன வயதில் பார்த்த மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அவர் 1964 முதல் 1966 வரை நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். அப்போது நம் மாநிலத்துக்குச் சென்னை மாநிலம் என்று பெயர். 1971-இல் மன்னர்களுக்குக் கொடுத்த மானியம் நிறுத்தப்பட்டது. இப்போது அம்பாரியில் அரசர் வருவதில்லை. சாமுண்டீஸ்வரி அம்மன் சிலைதான் வருகிறது. விழாவைக் கர்நாடக அரசு நடத்துகிறது.

4. யானைகளின் பயிற்சி

செல்வி தினமும் நூலகத்துக்குப் போனாள். ஒரு நாள் செய்தித்தாளில் ஒரு படம் பார்த்தாள். சாலையில் யானைகள் வரிசையாக நடக்கின்றன. பக்கத்தில் கூட்டமே இல்லை. படத்தின் கீழே இருந்த செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் தாளில் குறித்துக்கொண்டாள். நேராகச் சரோஜா வீட்டுக்கு ஓடினாள்.

செய்தி இதுதான்.

தங்க அம்பாரியின் எடை ஏறத்தாழ 750 கிலோ. அது முழுவதும் தங்கம் இல்லை. மரத்தால் செய்து மேலே தங்கத் தகடு போர்த்தியது. 50 கிலோ அரிசி மூட்டை நமக்குத் தெரியும். அதுபோல 15 மூட்டை எடையை ஒரே யானை சுமக்கிறது. 5 கிலோமீட்டர் நடக்கிறது. இரண்டு பக்கமும் மக்கள் கூச்சல். பீரங்கிச் சத்தம். யானை மிரளக் கூடாது.

அதனால் பல வாரங்களுக்கு முன்பே யானைகளைக் காட்டு முகாம்களிலிருந்து மைசூருக்கு அழைத்து வருகிறார்கள். வந்ததும் ஒவ்வொரு யானையையும் எடை போடுகிறார்கள். சத்தான தீனி கொடுக்கிறார்கள். பிறகு நடைப் பயிற்சி. அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஊர்வலம் போகும் அதே சாலைதான். முதலில் சுமை இல்லாமல் நடக்கும். பிறகு மணல் மூட்டையைச் சுமந்து நடக்கும். பிறகு மரத்தால் செய்த அம்பாரியைச் சுமந்து நடக்கும். பீரங்கிச் சத்தத்துக்கும் தனியாகப் பழக்குகிறார்கள்.

2012 முதல் 2019 வரை தங்க அம்பாரியை அர்ஜுனா என்ற யானை சுமந்தது. 2023 டிசம்பரில் ஒரு காட்டு யானையைப் பிடிக்கப் போன இடத்தில் அர்ஜுனா இறந்துபோனது. 2020 முதல் 2025 வரை அபிமன்யு என்ற யானை சுமந்தது. 60 வயதைத் தாண்டிய யானை மேல் அம்பாரியை ஏற்றுவதில்லை.

செல்வி மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அக்கா, யானைங்க அதே ரோட்டுல காலையில நடக்குதாம். கூட்டம் இல்லை. டிக்கெட்டும் வேண்டாம். ஆத்தா ஓரமா உட்கார்ந்தே பார்க்கலாம்!"

சரோஜா அன்று மாலையே கூட்டம் போட்டார்.

ருக்மணி ஒப்புக்கொள்ளவில்லை. "அது பயிற்சிதானே? தங்க அம்பாரி இல்லையே? அம்புட்டுத் தூரம் போயி மர அம்பாரியப் பார்த்துட்டு வர்றதா?"

"அதுவும் சரிதான். ஆனா இன்னொரு சங்கதி இருக்கு" என்றார் சரோஜா. "ஆயுத பூஜைக்கு முன்னால பூ விலை ஏறும். அந்த ஒரு வாரந்தான் தோட்டத்துல வேலை அதிகம். கூலியும் கூடக் கிடைக்கும். நம்ம குழுவுல ஏழு பேர் பூப்பறிக்கிறவங்க. விஜயதசமிக்குப் போனா அந்தக் கூலி போயிரும். உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ருக்மணி யோசித்தாள். அவளும் பூப்பறிக்கிறவள்தான்.

மல்லிகா தாளவாடியில் பிறந்தவள். தாளவாடியும் ஈரோடு மாவட்டம்தான். அங்கே பலர் கன்னடம் பேசுகிறார்கள். மல்லிகாவுக்கும் கன்னடம் நன்றாகத் தெரியும். அவள் மைசூருவில் ஒரு விடுதிக்குப் போன் செய்தாள். யானைகள் எப்போது வரும் என்று கேட்டாள்.

"வெயில் ஏறுவதற்கு முன்னால் வரும். ஆனால் விஜயதசமி நெருங்கிவிட்டால் சாலைப் பயிற்சி நின்றுவிடும். முன்னதாகவே வந்துவிடுங்கள்" என்று அங்கிருந்து பதில் வந்தது.

நவராத்திரியின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் போவது என்று முடிவு ஆனது. அந்த நாட்களில் அரண்மனை விளக்கும் இருக்கும். கண்காட்சியும் இருக்கும். யானையும் நடக்கும். தங்க அம்பாரி மட்டும் இருக்காது.

செல்வி வீட்டுக்குப் போனாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அத்தை, தங்க அம்பாரியப் பார்க்க முடியாது. பரவாயில்லீங்களா?"

ஆத்தா சிரித்தார். "தங்கத்த யாரு கேட்டா? நான் யானை நடக்குறதப் பார்க்கோணும், கண்ணு."

5. தேதியும் வழியும்

விழா தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். விஜயதசமி 2023-இல் அக்டோபர் 24-ஆம் தேதி வந்தது. 2024-இல் அக்டோபர் 12-ஆம் தேதி வந்தது. 2025-இல் அக்டோபர் 2-ஆம் தேதி வந்தது. அதனால் போன வருடத்துத் தேதியை நம்பக் கூடாது. இந்த வருடத்து நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

செல்வி நாட்காட்டியில் இரண்டு தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அடுத்தது வழி. சென்னையில் இருப்பவர்கள் ரயிலில் போகலாம். காவேரி எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு மைசூரு போகிறது. தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகவும் மைசூருக்கு ரயில் உண்டு. தசரா நேரத்தில் ரயிலில் இடம் கிடைப்பது கடினம். முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பதிவு செய்ய வேண்டும்.

சத்தியமங்கலத்துக்காரர்களுக்குப் பேருந்துதான் வசதி. ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர் வழியாகப் போக வேண்டும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வழி முழுக்கக் காடு. 2013 முதல் இது புலிகள் காப்பகம். இரவில் வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் சாகின்றன. அதனால் 2022 முதல் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

"அப்ப ராத்திரி பயணமே வேண்டாம். காலையில போவோம். பொழுதோட திரும்புவோம்" என்றார் சரோஜா.

செல்வி பேருந்து நிலையத்துக்கே போனாள். மைசூரு பேருந்துகளின் நேரத்தைக் கேட்டாள். தாளில் எழுதி வாங்கி வந்தாள்.

கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். "கர்நாடகாவுல பொம்பளைங்களுக்கு பஸ்ஸு இலவசமாமே?"

செல்வி அதையும் படித்து வைத்திருந்தாள். அந்தத் திட்டத்தின் பெயர் சக்தி. 2023 ஜூன் மாதம் தொடங்கியது. ஆனால் அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். நம் ஆதார் அட்டையில் தமிழ்நாட்டு முகவரி இருக்கிறது. நாம் கட்டணம் கொடுத்துத்தான் போக வேண்டும். காதில் விழுந்த செய்தியை நம்பிக் கிளம்பியிருந்தால் பணம் பற்றாமல் போயிருக்கும்.

6. கணக்குப் போடுவோம்

ஒருவர் வாரம் 75 ரூபாய் கட்டினார். 20 வாரம் கட்டினார்.

75 × 20 = 1,500 ரூபாய்.

குழுவில் 12 பேர்.

1,500 × 12 = 18,000 ரூபாய்.

இந்தப் பணத்துக்குள் போய்வர வேண்டும். செல்வி ஒருவருக்கு ஆகும் செலவை உத்தேசமாக எழுதினாள்.

பேருந்து, போக வர: 400 ரூபாய்
ஓர் இரவு தங்க: 400 ரூபாய்
இரண்டு நாள் சாப்பாடு: 350 ரூபாய்
நுழைவுச் சீட்டு, உள்ளூர்ப் பேருந்து: 200 ரூபாய்
அவசரச் செலவு: 150 ரூபாய்
மொத்தம்: 1,500 ரூபாய்

இது இந்தக் குழு போட்ட கணக்கு. கட்டணங்கள் மாறும். ஊருக்கு ஊர் வேறாகவும் இருக்கும். போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவசரச் செலவுக்கு என்று ஏன் தனியாக எடுத்து வைத்தார்கள்? ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். பேருந்தைத் தவற விடலாம். ஒருவருக்கு 150 என்றால் 12 பேருக்கு 1,800 ரூபாய். அந்தப் பணத்தைச் சரோஜா தனிப் பையில் வைத்துக்கொண்டார். செலவாகாவிட்டால் திருப்பிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

தங்கும் இடத்தை முன்னாலேயே பேசி வைத்தார்கள். தசரா நேரத்தில் விடுதி வாடகை ஏறும். கடைசி நேரத்தில் போனால் இடம் கிடைக்காது. மல்லிகா மூன்று இடங்களில் விசாரித்தாள். ஆத்தா மாடிப்படி ஏற வேண்டாம். அதனால் தரைத் தளத்தில் பெரிய அறை கேட்டாள். முன்பணம் கட்டி ரசீது கேட்டு வாங்கினாள்.

எந்தெந்த இடம் பார்ப்பது என்றும் பேசினார்கள். சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவனத் தோட்டம் என்று பட்டியல் நீண்டது. இரண்டு நாளில் அத்தனையும் பார்க்க முடியாது. ஓடி ஓடிப் பார்த்தால் ஒன்றும் மனசில் நிற்காது. கடைசியில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அரண்மனை, விளக்கு அலங்காரம், கண்காட்சி, யானைகள்.

7. பெயர் எழுதிய சீட்டு

புறப்படும் முன்நாள் இரவு எல்லோரும் கூடினார்கள். செல்வி 12 அட்டைத் துண்டுகள் கொண்டு வந்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு. அவங்கவங்க பேரை அவங்கவங்களே எழுதுங்க. ஊர் பேரு, சரோஜாக்கா போன் நம்பர், இதையும் எழுதுங்க. ஜாக்கெட்டுக்குள்ள பத்திரமா வெச்சுக்கோங்க."

ருக்மணி சிரித்தாள். "நான் என்ன குழந்தையா?"

"சும்மா எழுதுடி" என்றார் சரோஜா.

ருக்மணி போன வருடம் வரை கைநாட்டுத்தான் வைத்தாள். இப்போது எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். பெயரை மெதுவாக எழுதினாள். போன் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தாள்.

மல்லிகா ஒரு கேள்வி கேட்டாள். "அங்க இருக்கிற போலீஸ்காரருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியுமா?"

நல்ல கேள்வி. போன் எண் இலக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் படிக்கலாம். ஆனால் தங்கும் இடத்தின் பெயர்? விடுதியில் போய் இறங்கியதும் ஆளுக்கொரு முகவரி அட்டை கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தார்கள். அதில் கன்னடத்தில் அச்சடித்திருக்கும்.

மல்லிகா சில கன்னடச் சொற்களும் சொல்லிக் கொடுத்தாள்.

எல்லி என்றால் எங்கே.
எஷ்டு என்றால் எவ்வளவு.
நீரு என்றால் தண்ணீர்.
ஊட்டா என்றால் சாப்பாடு.
பேடா என்றால் வேண்டாம்.
அரமனெ என்றால் அரண்மனை.

"நீரு நம்ம நீருதான். அரமனெ நம்ம அரமனைதான். இதுல என்ன கஷ்டம்?" என்றார் ஆத்தா.

ஆத்தாவின் சர்க்கரை மாத்திரையைச் செல்வி இரண்டு பையில் பிரித்து வைத்தாள். ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்கும். மடக்கு நாற்காலி ஒன்றையும் எடுத்துக்கொண்டாள்.

8. மைசூருவில்

அதிகாலையில் ஊரிலிருந்து நகரப் பேருந்தில் சத்தியமங்கலம் வந்தார்கள். அங்கே மைசூரு பேருந்தில் ஏறினார்கள். மதியத்துக்குள் மைசூரு போய்ச் சேர்ந்தார்கள். விடுதியில் சாப்பிட்டு ஓய்வு எடுத்தார்கள்.

சாயங்காலம் அரண்மனைக்குப் போனார்கள். பழைய அரண்மனை மரத்தால் கட்டியது. 1897-இல் ஒரு திருமண விழாவின்போது தீப்பிடித்து அழிந்தது. இப்போது நாம் பார்ப்பது 1912-இல் கட்டி முடித்த அரண்மனை. அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் பொருத்தியிருக்கிறார்கள்.

இருட்டியது. திடீரென்று எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. அரண்மனை முழுவதும் பொன் நிறமாக ஆனது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஆத்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

அங்கிருந்து தசராக் கண்காட்சிக்குப் போனார்கள். அரண்மனைக்கு எதிரேதான் கண்காட்சி மைதானம். உள்ளே கடைகள், ராட்டினங்கள், அரசுத் துறைகளின் அரங்குகள். ஆத்தா செல்வியின் கையை விடவே இல்லை. ஓர் இடத்தில் எல்லோரும் நின்று தலையை எண்ணினார்கள்.

பதினொன்று.

ருக்மணியைக் காணோம்!

வளையல் கடையில் நின்றவள் திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. எந்தப் பக்கம் போவது? எல்லா வழியும் ஒன்று போலத் தெரிந்தது. அழுகை வந்தது. அப்போதுதான் சீட்டு நினைவுக்கு வந்தது.

ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தார். ருக்மணி ஓடிப்போய்ச் சீட்டையும் விடுதி அட்டையையும் காட்டினாள். அவர் எண்ணைப் பார்த்தார். தன் போனில் அழைத்தார். மல்லிகா கன்னடத்தில் பேசினாள். கால் மணி நேரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

ஆத்தாதான் முதலில் வந்து ருக்மணியின் கையைப் பிடித்தார். "பயந்துட்டியா கண்ணு? வா. என் கையப் புடிச்சுக்க."

ருக்மணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஆத்தாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை. சூரியன் ஏறவில்லை. சயாஜி ராவ் சாலை ஓரத்தில் மரத்தடியில் நாற்காலியைப் போட்டார்கள். ஆத்தா உட்கார்ந்தார். சாலையில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். பால்காரர், செய்தித்தாள் போடும் பையன், நடைப்பயிற்சி போகும் பெரியவர்கள்.

மணிச் சத்தம் கேட்டது.

முன்னால் ஒரு யானை. அதன் முதுகில் மரத்தால் செய்த அம்பாரி. பாகன் காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் மற்ற யானைகள் வரிசையாக வந்தன. அவசரம் இல்லை. ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்தன. ஆத்தாவுக்கு முன்னால் பத்தடி தூரத்தில் கடந்து போயின.

ஆத்தா எழுந்து நின்றார். கைகூப்பினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"எங்கப்பா தோள் மேல இருந்து பார்த்தப்பகூட இவ்வளவு கிட்டப் பார்க்கலை" என்றார்.

ருக்மணி பக்கத்தில் நின்றாள். அவள் தங்க அம்பாரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மெல்லச் சொன்னாள்.

"அடுத்த வருஷமும் சீட்டு எழுதோணும், செல்வி. எனக்குத்தான் முதல் சீட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அரண்மனையை உள்ளே போய்ப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேருந்து ஏறினார்கள். பொழுது சாய்வதற்குள் திம்பம் இறங்கினார்கள்.

வீடு வந்ததும் செல்வி கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். அவசரச் செலவுக்கு வைத்த 1,800 ரூபாயில் 600 ரூபாய் செலவாகியிருந்தது. மீதி 1,200 ரூபாய். 12 பேருக்கும் ஆளுக்கு 100 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். ஆத்தா தன் 100 ரூபாயை வாங்கவில்லை.

"இதை அடுத்த பயணத்துக்கு முதல் பணமா எழுதிக்க" என்றார்.

நினைவில் வைப்போம்

• விழா தேதியை அந்த வருடத்து நாட்காட்டியில் பாருங்கள்.
• எல்லோராலும் முடிகிற நாளைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்கள், உடம்பு முடியாதவர்களை முதலில் நினையுங்கள்.
• தங்கும் இடத்தை முன்னாலேயே பேசி ரசீது வாங்குங்கள்.
• அடையாள அட்டை, மாத்திரை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.
• பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும்.
• அவசரச் செலவுக்குத் தனியாகப் பணம் வையுங்கள்.
• குறைந்த இடங்களை நிதானமாகப் பாருங்கள்.

பேசுவோம்

1. ஆத்தாவின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ருக்மணி சொன்னாள். அது சரியா? நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?
2. விஜயதசமி அன்று போக வேண்டாம் என்பதற்குச் சரோஜா சொன்ன காரணம் என்ன?
3. கர்நாடகப் பேருந்தில் இலவசமாகப் போகலாம் என்று குழு நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கணக்கு

1. தங்க அம்பாரியின் எடை 750 கிலோ. 25 கிலோ அரிசிப் பை எத்தனை சேர்ந்தால் அந்த எடை வரும்?
2. ஒரு குழுவில் 15 பேர். ஒவ்வொருவரும் வாரம் 50 ரூபாய் சேர்க்கிறார்கள். 24 வாரத்தில் மொத்தம் எவ்வளவு சேரும்?

எழுதுவோம்

1. நீங்கள் பயணம் போகிறீர்கள். உங்கள் சீட்டில் என்னென்ன எழுதுவீர்கள்? எழுதிப் பாருங்கள்.
2. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் மறுபடியும் பார்க்க ஆசைப்படும் ஊர் எது? ஏன்? அவர் சொல்வதை ஐந்து வரியில் எழுதுங்கள்.